கூரையில் சூரியன், டேங்கில் பெட்ரோல்



இந்த மாதப் படிப்பு வட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பாடம் எண்ணெய். நம் ஊரில் "எண்ணெய் ஊத்திட்டு வரேன்" என்று சொன்னால் பெட்ரோல் நிலையத்துக்குப் போகிறான் என்று அர்த்தம். அந்த எண்ணெயைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஒரு நாடு அதை நம்பி வாழ்வதைக் குறைக்க முடியுமா, புதிய தொழில்நுட்பம் அதில் எவ்வளவு கைகொடுக்கும் என்பதுதான் கேள்வி.

மின்சாரப் பணியில் இருப்பவன் என்பதால் இளைஞர் முகாம்களில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, கோயில் மண்டபக் கூரையில சோலார் போட்டா நாட்டுக்கு எண்ணெய் மிச்சமாகும்தானே?" ஆர்வமாகக் கேட்பார்கள். நான் சொல்லும் பதில் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். தீபகற்ப மலேசியாவில் கூரை முழுக்கச் சோலார் தகடு போட்டாலும், அதனால் மட்டும் பெட்ரோல் ஒரு லிட்டர்கூடக் குறையாது. மின்கட்டணம் குறையும், நல்ல காரியம், போடுங்கள். ஆனால் எண்ணெய் வேறு கணக்கு. அது ஏன் என்று புரிந்துவிட்டால் இந்தப் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

எண்ணெய் எங்கே எரிகிறது?

இந்த நாட்டின் எண்ணெய்க் கதை 1910-இல் சரவாக்கின் மீரியில் தொடங்கியது. அங்கே ஒரு குன்றின் மேல் தோண்டிய முதல் கிணற்றை இன்றும் பார்க்கலாம். பெட்ரோனாஸ் பிறந்தது 1974-இல். அதற்கு முந்தின ஆண்டுதான் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்திப் பிடித்து, உலக விலை சில மாதங்களில் ஏறக்குறைய நான்கு மடங்கானது. 1979-இல் ஈரான் புரட்சியோடு விலை இன்னொரு முறை எகிறியது.

அந்தக் காலத்தில் நம் மின்சாரமும் எண்ணெயில்தான் ஓடியது. 1980-இல் இந்நாட்டு மின்சாரத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் எண்ணெயை எரித்து எடுத்தது. சொந்தக் கிணறு இருந்தும் அரசாங்கம் பயந்தது. கிணறு வற்றும், விலை ஆடும், எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்கக்கூடாது. 1981-இல் நான்கு எரிபொருள் கொள்கை வந்தது. எண்ணெய், எரிவாயு, நீர், நிலக்கரி என்று பங்கு பிரித்தார்கள். திரெங்கானு கடலில் கிடைத்த எரிவாயுவைக் குழாய் போட்டுத் தீபகற்பம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். நிலக்கரி ஆலைகள் எழுந்தன. பிறகு சரவாக்கில் 2,400 மெகாவாட் பாக்குன் அணை வந்தது. அதற்காகச் சுமார் 10,000 பேர் தங்கள் நீளவீடுகளை விட்டுப் பெயர்ந்து போனார்கள் என்பதையும் சேர்த்தே படியுங்கள். புதிய சக்திக்கும் விலை உண்டு, அந்த விலையை யாரோ ஒருவர் கொடுக்கிறார்.

முடிவு என்ன? இன்று மின்சாரத்தில் எண்ணெயின் பங்கு 2 விழுக்காடுகூட இல்லை. தீபகற்பத்தில் சுவிட்சைத் தட்டினால் வருவது பெரும்பாலும் நிலக்கரியும் எரிவாயுவும்தான். சிங்கப்பூர் வாசகர்களுக்கும் இதே கணக்கு. 2000ஆம் ஆண்டளவில் அங்கே மின்சாரத்தில் பெரும்பகுதி எண்ணெயிலிருந்து வந்தது. இன்று 90 விழுக்காட்டுக்கு மேல் இயற்கை எரிவாயு.

அதனால்தான் சொல்கிறேன். கூரைச் சோலார் நிலக்கரியையும் எரிவாயுவையும்தான் குறைக்கும். விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. சரவாக் உட்புறத்தில் மின்கம்பி எட்டாத நீளவீடுகள் டீசல் ஜெனரேட்டரில் ஓடின. ஆற்றுவழி படகில் டீசல் டிரம்மை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அங்கே மாநில அரசின் கிராம மின்திட்டம் சோலாரும் பேட்டரியும் வைத்தபோது டீசல் நேரடியாகக் குறைந்தது. அதே தகடுதான், வைக்கும் இடம் மாறினால் வேலையும் மாறுகிறது.

அப்படின்னா நாட்டின் எண்ணெய் எங்கே போகிறது? சாலைக்குப் போகிறது. கார், லோரி, பஸ், மோட்டார் சைக்கிள். இந்த நாட்டில் பதிவான வாகனங்களில் ஏறக்குறைய பாதி மோட்டார் சைக்கிள்கள். பல ஆண்டுகளாக நாம் தோண்டுவதைவிட எரிப்பது அதிகம். நம்முடைய தரமான எண்ணெயை நல்ல விலைக்கு வெளியே விற்கிறோம், சவூதி போன்ற நாடுகளிலிருந்து கனமான எண்ணெயை வாங்கிச் சுத்திகரிக்கிறோம். "நம்மகிட்டதான் பெட்ரோனாஸ் இருக்கே" என்று சொல்லிச் சும்மா இருக்க முடியாது.

டேங்கைத் தொட்ட நாடு

சாலை எண்ணெயை நேரடியாகக் குறைக்க முயன்ற நாடு பிரேசில். இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் வெற்றி, தோல்வி இரண்டும் இதில் இருக்கிறது.

1973-இல் பிரேசில் தன் எண்ணெயில் சுமார் 80 விழுக்காட்டை இறக்குமதி செய்தது. விலை ஏறியதும் நாட்டின் பணம் கப்பலுக்குக் கப்பல் வெளியேறியது. ஆனால் அங்கே கரும்பு நிறைய. கரும்புச் சாற்றைப் புளிக்க வைத்து வடித்தால் எத்தனால் என்ற சாராயம் கிடைக்கும். 1975 நவம்பரில் அரசாங்கம் பெரிய திட்டம் போட்டது. ஆலைகளுக்கு மலிவுக் கடன், பெட்ரோலில் எத்தனால் கலப்பு கட்டாயம், எல்லா நிலையத்திலும் எத்தனால் குழாய். 1979-இல் முழுக்க எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 விற்பனைக்கு வந்தது. 1980களின் நடுவில் அங்கே விற்ற புதிய கார்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் எத்தனால் கார்கள்.

பிறகு சறுக்கல். 1986-இல் உலக எண்ணெய் விலை விழுந்தது. சர்க்கரைக்கு நல்ல விலை கிடைத்ததும் ஆலை முதலாளிகள் கரும்பைச் சர்க்கரையாக்கி ஏற்றுமதி செய்தார்கள். 1989-இல் எத்தனால் தட்டுப்பாடு. கார் வாங்கியவர் நிலையத்தில் வரிசை பிடித்து நின்றார். அவருடைய காருக்கு வேறு எதையும் ஊற்ற முடியாது. ஒன்றை நம்பி இருந்த மக்கள் அதை விட்டு, இன்னொன்றை மட்டுமே நம்பும் நிலைக்குப் போய்விட்டார்கள். அந்தக் கார்களின் விற்பனை அதோடு படுத்துவிட்டது.

மீட்டது ஒரு சின்ன தொழில்நுட்பம். 2003-இல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல் காரில் பெட்ரோலையும் ஊற்றலாம், எத்தனாலையும் ஊற்றலாம், இரண்டையும் எந்த அளவிலும் கலக்கலாம். எஞ்சினில் உள்ள உணரியும் கணினியும் புகையைப் பார்த்து எரிபொருளின் அளவைச் சரிசெய்துகொள்ளும். ஓட்டுநர் நிலையத்துக்குப் போய் அன்றைக்கு எது லாபமோ அதை ஊற்றுவார். எத்தனாலில் ஒரு லிட்டருக்குச் சுமார் 30 விழுக்காடு குறைவாகத்தான் வண்டி ஓடும். எனவே பெட்ரோல் விலையில் 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் எத்தனால் லாபம். இந்த வாய்ப்பாடு அந்த நாட்டு ஓட்டுநர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அரசாங்கம் ஆணையிட்டபோது தடுமாறிய திட்டம், தேர்ந்தெடுக்கும் உரிமையை மக்கள் கையில் கொடுத்தபோது நிலைத்தது.

இதைக் கேட்டதும் உங்களுக்குச் செம்பனை ஞாபகம் வந்திருக்கும். நம் தாத்தா பாட்டி ரப்பர் வெட்டிய தோட்டங்களில் பல இன்று செம்பனைத் தோட்டங்கள். செம்பனை எண்ணெயிலிருந்து டீசல் எடுக்கும் ஆராய்ச்சி இந்த நாட்டில் 1980களிலேயே தொடங்கிவிட்டது. 2011-இல் டீசலில் 5 விழுக்காடு கலந்தார்கள், 2019 முதல் 10 விழுக்காடு. நல்ல முயற்சிதான், ஆனால் இதை வைத்து நாம் பிரேசில் ஆக முடியாது. காரணம் எளிது. செம்பனை எண்ணெய் டீசலோடு மட்டும்தான் சேரும். நம் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் குடிப்பது பெட்ரோல். இன்னொன்று, செம்பனை எண்ணெய் நம் அடுப்படிப் பொருள். அதன் உலக விலை ஏறும்போதெல்லாம் அதை எரிப்பதா விற்பதா என்ற பழைய கரும்புக் கேள்வி இங்கேயும் வந்து நிற்கும்.

கணக்குப் புத்தகத்தைத் திறப்போம்

பெட்ரோல் டேங்கைத் தொடும் இன்னொரு வழி மின்சார வாகனம். இங்கேதான் கூரைச் சோலாரும் எண்ணெயும் முதல்முறையாகக் கைகோக்கின்றன.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி இருக்கிறது. சாதாரணக் கார் 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அது 63 யூனிட். அதே தூரத்துக்கு மின்சாரக் கார் எடுப்பது சுமார் 15 யூனிட். எப்படி இவ்வளவு வித்தியாசம்? பெட்ரோல் எஞ்சின் எரிபொருளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் சூடாகவே வெளியே விட்டுவிடும். போனட்டைத் தொட்டுப் பாருங்கள், நம் காசின் சூடு அது. மின் மோட்டாரில் அந்த வீணடிப்பு மிகக் குறைவு.

நம் வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் தகடு சராசரியாக ஒரு நாளைக்கு மூன்றரை யூனிட் கொடுக்கும். 4 கிலோவாட் போட்டால் 14 யூனிட், அதாவது கார் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடும். பலருக்கு வேலைக்குப் போய்வர இதுவே அதிகம்.

ஒரு எச்சரிக்கை. மின்சாரக் காரை முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் சார்ஜ் செய்தால் எண்ணெய் குறையும், ஆனால் கரிவாயு பெரிதாகக் குறையாது. எண்ணெயை விடுவதும் புகையை விடுவதும் ஒரே காரியம் என்று பலர் நினைக்கிறார்கள். அவை இரண்டு காரியம். வாகனம் எண்ணெயை வெட்டும், சோலாரும் நீர்மின்சாரமும் புகையை வெட்டும். இரண்டும் ஜோடியாக வந்தால்தான் முழுப் பலன்.

இப்போது நமக்கு நெருக்கமான ஒருவரை எடுத்துக்கொள்வோம். உணவு விநியோகம் செய்யும் ஒரு தம்பி, நம் இளைஞர்களில் இந்த வேலையில் நிறைய பேர் இருக்கிறார்கள். சின்ன மோட்டார் சைக்கிள், ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர், 100-க்கு 2 லிட்டர். நாளைக்கு 3 லிட்டர், மாதம் 26 நாள் ஓட்டினால் 78 லிட்டர். 2025 செப்டம்பர் 30-இல் பூடி95 திட்டம் தொடங்கியபோது குடிமக்களுக்கு ரோன்95 லிட்டர் 1 வெள்ளி 99 சென், மானியம் இல்லாமல் 2 வெள்ளி 60 சென். மானிய விலையில் அவருக்கு மாதம் 155 வெள்ளி ஆகிறது. மின்சார மோட்டார் சைக்கிள் என்றால் நாளைக்குச் சுமார் 6 யூனிட். யூனிட் 50 சென் என்று போட்டால் மாதம் 78 வெள்ளி. மிச்சம் 77 வெள்ளி.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் புதிய வண்டியின் மாதத் தவணை எவ்வளவு? சின்ன பேட்டரி 150 கிலோமீட்டர் தாங்காது, மதியம் ஆர்டர் குவியும் நேரத்தில் சார்ஜ் போட்டுவிட்டு நிற்க வேண்டும். அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் இருப்பவர் எங்கே சார்ஜ் போடுவார்? அந்தத் தம்பி "வேணாம்ணே" என்று சொன்னால் அவர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். அவருக்குத் தேவை நிமிடத்தில் பேட்டரியை மாற்றிக்கொள்ளும் நிலையம். தைவானில் 2015 முதல் இப்படி நடக்கிறது. காலி பேட்டரியை உள்ளே தள்ளினால் நிறைந்த பேட்டரி வெளியே வரும்.

மானியத்தையும் கவனியுங்கள். 2 வெள்ளி 60 சென் விலையில் அவருடைய மிச்சம் 77 வெள்ளியிலிருந்து 125 வெள்ளி ஆகிறது. மலிவு பெட்ரோல் இன்றைக்கு அவரைக் காப்பாற்றுகிறது, அதே மலிவுதான் அவரைப் பெட்ரோலோடு கட்டியும் வைக்கிறது. டீசலில் இந்தக் கட்டு எவ்வளவு கனமானது என்று பார்த்தோம். அரசாங்கக் கணக்கில் டீசல் மானியம் 2019-இல் 1.4 பில்லியன் வெள்ளி, 2023-இல் 14.3 பில்லியன். வாகனங்கள் பத்து மடங்கு கூடவில்லை. உலக விலை ஏறியது ஒரு காரணம், மலிவு டீசல் எல்லை தாண்டிக் கசிந்தது இன்னொரு காரணம். 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் ஒரே இரவில் 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னுக்குப் போனது.

மானியத்தைக் குறைப்பது சரியான பாதை என்பது என் கருத்து. ஆனால் மிச்சமாகும் பணம் பஸ்ஸுக்கும், ரயிலுக்கும், பேட்டரி மாற்றும் நிலையத்துக்கும் போகவேண்டும். அப்படிப் போகாவிட்டால் விலை மட்டும்தான் ஏறியிருக்கும், அந்தத் தம்பி அதே பெட்ரோலை அதிக விலைக்கு வாங்கிக்கொண்டிருப்பார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 60 பேர் ஏறும் ஒரு டீசல் பஸ்கூட எண்ணெயைக் குறைக்கும் கருவிதான். புதுத் தொழில்நுட்பம் என்றதும் கார் விளம்பரத்தை மட்டும் நினைக்காதீர்கள்.

"அப்போ சீனாவை நம்பணுமா?"

இந்தக் கேள்வியும் வரும், வரவும் வேண்டும். உலகின் சோலார் தகடுகளிலும் பேட்டரிகளிலும் பெரும்பகுதி சீனாவில் தயாராகிறது. எண்ணெய்க்குப் பதில் பேட்டரியை நம்புவது புதிய அடிமைத்தனம் இல்லையா?

ஓரளவு உண்மை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. எண்ணெய் வாங்கிய நாளே எரிந்துவிடும், நாளைக்குத் திரும்ப வாங்க வேண்டும். எண்ணெய்க் கப்பல் ஒரு மாதம் வராவிட்டால் நாடு நிற்கும். சோலார் தகடு ஒருமுறை வாங்கினால் 25 ஆண்டு உழைக்கும். தகடு விற்கும் நாடு நம்மோடு சண்டை போட்டாலும் ஏற்கெனவே கூரையில் இருப்பது நாளைக் காலையும் மின்சாரம் கொடுக்கும். பேட்டரியில் உள்ள நிக்கலையும் லித்தியத்தையும் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தலாம். எரிந்த பெட்ரோலை யாரும் திரும்பப் பிடிக்க முடியாது. அதோடு, கெடாவின் கூலிமில் சோலார் தகடு செய்யும் பெரிய ஆலை பல ஆண்டுகளாக இயங்குகிறது. கைத்திறன் நம் ஊரிலும் இருக்கிறது.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நார்வே எண்ணெய் விற்கும் நாடு, மின்சாரமோ பெரும்பாலும் நீரிலிருந்து. 1990-இலேயே மின்சாரக் கார்களுக்கு வரிச்சலுகையைத் தொடங்கியது. 2024-இல் அங்கே விற்ற புதிய கார்களில் 89 விழுக்காடு மின்சாரக் கார்கள். ஆனாலும் சாலையில் ஓடும் மின்சாரக் கார்களின் எண்ணிக்கை பெட்ரோல் கார்களைத் தாண்டியது 2024 செப்டம்பரில்தான். பழைய கார் உடனே சாவதில்லை, 15, 20 ஆண்டு ஓடும். பணக்கார நாடு, 34 ஆண்டுகள். மறுபக்கம், நம்மைவிட மிக ஏழையான எத்தியோப்பியா 2024-இல் பெட்ரோல், டீசல் கார் இறக்குமதியையே நிறுத்தியது. எரிபொருள் வாங்க டாலர் இல்லை, ஆனால் நீல நைலின் மேல் பெரிய அணை எழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு மின்சாரமே எட்டாத மக்கள் அங்கே இன்னும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதால் அந்த முடிவு சரியா என்று இப்போதே சொல்ல முடியாது. விவாதிக்க நல்ல தலைப்பு.

விமானம், கப்பல், தார்ச்சாலை, பிளாஸ்டிக் ஆகியவற்றில் எண்ணெயை விடுவது இன்னும் கடினம். அதை இன்னொரு மாதம் எடுத்துக்கொள்வோம்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது இரண்டு காகிதம் கொண்டுவாருங்கள். ஒன்று, உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் எத்தனை லிட்டர் எண்ணெய் ஊற்றினீர்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கு. அப்பா, அம்மா, அக்கா வண்டி எல்லாவற்றையும் சேர்த்து. இன்னொன்று, வீட்டு மின்கட்டண பில். மேலே போட்ட மாதிரி நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கார் நிறுத்துமிடத்தில் சார்ஜர் வைப்பது பற்றி உங்கள் கட்டட நிர்வாகக் குழு இதுவரை பேசியிருக்கிறதா என்று கேட்டு வாருங்கள். விநியோக வேலை செய்யும் தம்பிகள் வண்டியின் மாதத் தவணையையும் எழுதிக்கொண்டு வந்தால், என் 77 வெள்ளிக் கணக்கை உங்கள் உண்மையான எண்களை வைத்துத் திருத்தலாம்.